பிறந்த நாட்டுக்கு ஏழு மார்க்

சுங்கை சிப்புட்,
3 மார்ச் 2024

கலாவுக்கு அக்கா இருளாயி எழுதுவது.

இனிமேல் உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்த எழுத்து இது. தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். லண்டனுக்குப் போய் நர்ஸ் வேலை பார்த்தவள் நீ. (லண்டன் இல்லை, லீட்ஸ் என்று நீ சொல்லுவாய். எங்களுக்கு எல்லாம் லண்டன்தான்.)

போனில் என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? உன் மாமா என்னைத் தனியாக விட்டுப் போய் இன்னும் வீட்டில் ஊதுவத்தி வாசனை போகவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று கைக்குப் பழகவில்லை. தினமும் மிஞ்சுகிறது, தினமும் கொட்டுகிறேன். அந்த நேரத்தில் போன் அடித்து, "அக்கா, வேலையெல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே வெயில் ஊரு ஒன்னுல போயி ஒக்காந்துறலாம்னு இருக்கோம். தாய்லாந்து நல்லதா, பாலி நல்லதா, மலேசியாவுக்கே வந்துறலாமா, நீ என்னா நெனைக்கிறே?" என்று கேட்கிறாய். சேலைக் கடையில் கேட்கிற மாதிரி. நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது தப்பு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

அதற்குப் பிறகு தினேஸ்வரி போனுக்கு ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் தன் கையால் கோடு போட்டு எழுதியதாம். வெயில், ஆஸ்பத்திரி, சாப்பாடு, விசா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம். நாட்டுக்கு நாடு மார்க். தாய்லாந்து எட்டு. மலேசியா ஏழு. பாலி ஆறரை. அவருடைய தாத்தா வந்த யாழ்ப்பாணத்துக்கு ஐந்தோ என்னவோ. என் மகள் படித்துக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் அப்பா ராமசாமியும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் செத்த மண்ணுக்குப் பத்துக்கு ஏழா? மீதி மூன்று மார்க் எங்கே போனது என்று அவரைக் கேட்டு எழுது.

உனக்கு அறுபத்திரண்டு வயது. புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாடு நாடாகத் தேடுகிறாய். எனக்கு இனிமேல் போக இருக்கிற இடம் ஒன்றுதான். அதற்கு யாரும் மார்க் போட வேண்டியதில்லை.

உன் வீட்டுக்காரர் விழுந்து உடைத்துக்கொண்ட இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? இடுப்புதானே. ஒட்டிக்கொள்ளும்.

இருளாயி


லீட்ஸ்,
21 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் எழுத்தைக் கடைசியாகப் பார்த்தது அம்மா இறந்த வருடம். எழுத்து மாறவே இல்லை. கோபமும் மாறவில்லை.

நான் கேட்ட நேரம் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் இவ்வளவு அவசரமாக வெயில் நாடு தேடுகிறோம் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. மாமா போன அதே வாரத்தில்தான் இவர் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆணி அடித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் தர்சிகா கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளால் வந்து பார்த்துக்கொள்ள முடியாது. ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் பிடிக்க வேண்டும் என்கிற நிலையில் இவரை விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏற முடியும்? இப்போது கோலை ஊன்றி நடக்கிறார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தாலும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர். பயம் வந்தாலும் தாளை எடுத்துக் கோடு போட்டு மார்க் போடத்தான் அவருக்குத் தெரியும்.

மூன்று மார்க் எங்கே போனது என்று இவரைக் கேட்டேன். கொசுவுக்கு ஒன்று. சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. விசாவுக்கு ஒன்று. கடைசி மார்க் எனக்கும் வலித்தது. பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டபோது நான் யோசிக்கவில்லை. பிறந்த ஊரில் குடியிருக்க வெள்ளைக்காரர்களோடு வரிசையில் நின்று நான் விசா கேட்க வேண்டும்.

அக்கா, நான் ஒன்றுதான் கேட்கிறேன். நீ "வா" என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும், எட்டு மார்க் ஒன்பது மார்க் பார்க்காமல் பேராக்குக்கு, உன் பக்கத்துக்கே வந்துவிடுவோம். நீ எழுதவில்லை என்றால், மே மாதம் தாய்லாந்தில் சியாங் மாய் போய் வாடகை வீட்டில் இருந்து பார்க்கலாம் என்று இவர் சொல்கிறார். பிடித்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுவார். அவரை மறுபடி கிளப்ப என்னால் முடியாது.

கருமாதிக்கு நான் அனுப்பிய கோடிச் சேலை வந்து சேர்ந்ததா? நிறம் சரியாக இருந்ததா? நீ ஒன்றுமே சொல்லவில்லையே.

உன்,
கலா


சுங்கை சிப்புட்,
10 ஏப்ரல் 2024

கலா,

சேலை வந்ததா என்று கேட்கிறாய். வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் நானும் சொல்லாமல் இருந்திருப்பேன்.

கருமாதி அன்று காலையில் பந்தல் நிறைய சனம். அவரோடு லோரி ஓட்டியவர்கள், பழைய தோட்டத்து ஆட்கள், தாமானில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வளையல் உடைத்து, பொட்டு அழித்து, தலையில் தண்ணீர் ஊற்றி மனையில் உட்கார வைத்தாயிற்று. சடங்கு செய்கிற பண்டாரம் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார். "பொறந்த வீட்டு ஆளு யாரு? கோடி போடறவங்க முன்னுக்கு வாங்க."

பிறந்த வீடு என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா இல்லை. அண்ணன் தம்பி இல்லை. நீ ஒருத்திதான்.

அந்த நேரம் பார்த்து நீ ஈப்போ சேலைக் கடையில் சொல்லி அனுப்பிய பார்சல் மோட்டாரில் வந்து இறங்குகிறது. தினேஸ்வரி ஓடிப் போய் வாங்கினாள். நேரமாகிவிட்டதே என்று அவசரத்தில் அங்கேயே, சபை நடுவிலேயே பிரித்தாள். சேலை நல்ல சேலைதான். சாம்பல் நிறம், மெல்லிய கரை. சேலையோடு சேர்ந்து ஒரு குங்குமப் பொட்டலம், ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல், ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை எல்லாம் என் மடியில் விழுந்தன. பொங்கல் நேரத்தில் எல்லாப் பைக்குள்ளும் கடைக்காரன் போட்டுக் கொடுப்பதுதான். உடைத்த வளையல் துண்டு இன்னும் தரையில் கிடக்கிறது. மடியில் புது வளையல்.

பிறகு பின்னால் இருந்து ஒரு கிழவி கேட்டாள். "என்னா லா இது? தங்கச்சிக்காரி வளைகாப்புக்கு அனுப்பிட்டாளா?" இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் அடக்க முடியாது, அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

பண்டாரம் மறுபடியும் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானே அந்தச் சேலையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். தனக்குத் தானே கோடி போட்டுக்கொண்ட பொம்பளையை இந்தச் சுங்கை சிப்புட்டில் அதற்கு முன்னே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது சொல். நான் "வா" என்று எழுத வேண்டுமா?

உண்மையைச் சொல்கிறேன். எதிர் வீட்டுப் புனிதாவின் புருஷன் வேலை விட்டு வந்து, மோட்டாரை நிறுத்தி, கேட்டைத் திற என்று ஹாரன் அடிப்பான். அந்த ஹாரன் சத்தத்துக்கே எனக்குப் பற்றிக்கொண்டு எரிகிறது. அவள் நல்ல பெண். குழம்பு வைத்தால் கொண்டு வந்து கொடுக்கிறாள். கிண்ணத்தை வாங்கும்போதே, உனக்கு மட்டும் இன்னும் ஆள் இருக்கிறானே என்று மனசு சொல்கிறது. ஊர்க்காரி மேலேயே இப்படி என்றால், என் கூடப் பிறந்தவள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, புருஷன் கையைப் பிடித்துக் கோயில் படி ஏறுவதை நான் தினம் தினம் பார்க்க வேண்டுமா? அவருக்கு வெந்நீர் வைக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும் என்று நீ எழுந்து போகும்போதெல்லாம் நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

எட்டு மார்க் இருக்கிற ஊருக்கே போங்கள். ஏழு மார்க் ஊரில் நான் இருந்துகொள்கிறேன்.

இருளாயி


லீட்ஸ்,
27 ஏப்ரல் 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கடைக்குப் போன் பண்ணினேன். அந்தப் பெண் பாவம், "நீங்க அக்காவுக்குன்னுதானே சொன்னீங்க மேடம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. யாருக்கு என்று அன்றைக்குக் கேட்டபோது "அக்காவுக்கு" என்றேன். "கருமாதிக் கோடி" என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டால் மாமா இல்லை என்பது உண்மையாகிவிடும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ குடும்பங்களிடம் அந்தச் செய்தியைச் சொன்னவள் நான். ஒரு சேலைக் கடைக்காரியிடம் சொல்ல முடியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். சியாங் மாய் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. ஆகஸ்ட் வரைக்கும் அங்கேதான்.

கலா


சுங்கை சிப்புட்,
22 மே 2024

கலா,

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டீர்கள், நீயும் உன் மாமாவும்.

போன செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முப்பது வயசு இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறான்.

"அக்கா, அண்ணே இருக்காரா? போன் அடிச்சா எடுக்கவே மாட்றாரு."

"நீ யாருப்பா?"

"சுரேன்க்கா. ஈப்போலேர்ந்து வாரேன். வீட்டு ஏஜண்டு. ஈப்போ பக்கத்துல, லகாட்ல ஒரு வீடு அண்ணே கேட்டு வச்சாரு லா. அது இன்னும் காலியாத்தான் இருக்கு. வேற ஆளு கேக்கறாங்க, குடுத்துறவான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினேன். பையன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றான். "சத்தியமா தெரியாதுக்கா" என்று அழுதுவிட்டான். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"எந்த வீடு? யாருக்கு?"

"ஒங்க தங்கச்சிக்குத்தான்க்கா. லண்டன் தங்கச்சி. அண்ணே லேசுல ஒத்துக்க மாட்டாரு. எத்தனையோ வீடு காட்டினேன். குளிக்கிற எடத்துல படி இருக்கக்கூடாதும்பாரு. குசினி பெருசா இருக்கணும்னு ஒத்தக் கால்ல நிப்பாரு. லகாட் வீட்டப் பாத்ததும்தான் மூஞ்சில சிரிப்பு வந்துச்சு. உள்ள நின்னு கைய விரிச்சு விரிச்சு அளந்தாரு."

கலா, இந்த வீட்டுக் குசினியில் ஐஸ்பெட்டியைத் திறந்தால் அடுப்புப் பக்கம் போக முடியாது. நாற்பது வருஷம் அதற்குள்தான் பக்கவாட்டில் நின்று சமைத்தேன். பின்னால் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. "அப்புறம் பாக்கலாம்" என்பார். எனக்கு அப்புறம் பார்த்தவர் உனக்கு லகாட்டில் கையை விரித்து அளந்திருக்கிறார்.

என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார் தெரியுமா? "லகாட்ல பழைய டயர் மலிவா வருதாம், பாத்துட்டு வாரேன்." லோரியை விற்ற பிறகு டயர் எதற்கு என்று நானும் கேட்கவில்லை. மடச்சி.

கெட்ட எண்ணமாக ஒன்றும் நினைக்கவில்லை. அவர் உன்னைத் தூக்கி வளர்த்த மாதிரிதான். நான் கல்யாணம் ஆகி வந்தபோது நீ ரெட்டைச் சடை போட்ட பிள்ளை. ஆனாலும் கேட்கிறேன். கடைசி ஒரு வருஷமாக அவர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிட்டீர்களா என்றால் ம். மாத்திரை போட்டீர்களா என்றால் ம். வயசு, அதனால் என்று நினைத்தேன். எனக்குக் கொடுக்க வேண்டிய பேச்சை எல்லாம் எடுத்து உனக்கா கொடுத்தார்? எப்போது பேசினீர்கள்? என்ன பேசினீர்கள்? நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினீர்களா?

அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தினேஸ்வரி வந்து மறுபடியும் திருப்பிவிட்டு, "பைத்தியமாம்மா ஒனக்கு?" என்று கேட்டாள். ஆமாம், பைத்தியம்தான்.

உனக்குப் புருஷன் இருக்கிறார். என் புருஷனிலும் உனக்குப் பங்கு வேண்டுமா? ஒளிக்காமல் எழுது.

இருளாயி


சியாங் மாய்,
9 ஜூன் 2024

அக்கா,

ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆமாம், பேசினோம். நீ பசாருக்குக் காய் வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து மாமாதான் கூப்பிடுவார். லீட்ஸில் அப்போது விடிந்திருக்காது, நான் தூக்கக் கலக்கத்தில் எடுப்பேன். முதலில் கூப்பிட்டது போன வருடம், சித்திரை மாதம். எடுத்த உடனே, "கலா புள்ள, நீ நர்சு தானே, ஒன்னு கேக்கறேன், ஒங்கக்காகிட்ட வாயத் தொறக்கக்கூடாது" என்றார். இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அது சரியாகுமா என்று என்னிடம் கேட்டார். வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள் மாமா என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

உன்னிடம் சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். "சொன்னா அவ அழுதே என்னைய முன்னாடி அனுப்பிருவா. இருக்கற வரைக்கும் அவ என்னைய ஏசிக்கிட்டே இருக்கணும். அதுதான் எனக்கு நல்லா இருக்கு" என்றார். உன்னிடம் பேச்சைக் குறைத்தது அதனால்தான் அக்கா. பேசினால் வாய் தவறி வந்துவிடும் என்று பயந்தார்.

வீடு பார்த்தது எனக்காக மட்டும் இல்லை. வேலை முடிந்ததும் நாடு தேடி இவர் மார்க் போடப் போகிறார் என்று நான் அப்போதே சொன்னபோது மாமா சிரிசிரி என்று சிரித்தார். "ஒன் வீட்டுக்காரரக் கேளு, என் பொண்டாட்டிக்கு எத்தன மார்க்கு போடுவாருன்னு" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்கக்கா மக வீட்டுக்கும் போமாட்டா, சிங்கப்பூருக்கு மகன் ரூபன் கூப்பிட்டாலும் போமாட்டா. நான் போயிட்டா யாரு கையாலயும் வாங்கிச் சாப்பிட மாட்டா, மூலையில ஒக்காந்துருவா. நீ கூட இருந்தா சண்ட போடறதுக்காவது எந்திரிச்சு நிப்பா. அதுக்குத்தான் குசினி பெருசா பாக்கறேன். ரெண்டு பேரும் நின்னு சண்ட போடற அளவுக்கு எடம் வேணும்."

படி இல்லாத குளியலறையும் இவருக்காகப் பார்க்கவில்லை. அப்போது இவர் விழவே இல்லை. உனக்கு முழங்கால் வலி. அதற்காகத்தான் பார்த்தார்.

நான் உனக்குப் போன் செய்து எந்த நாடு நல்லது என்று கேட்டது ஏன் தெரியுமா? "அவளாக் கூப்பிடணும். நாம கூப்பிட்டா வரமாட்டா" என்று மாமா சொல்லி வைத்திருந்தார். உன் வாயால் "வா" என்று வரவழைக்கத்தான் கேட்டேன். நேரம் பார்க்கத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று உனக்குப் பொறாமை. இருக்கிறார். நல்லவர். நாடுகளுக்கு மார்க் போடுகிறார், என் ரத்த அழுத்தத்தைக் கூடத் தினம் எழுதி வைக்கிறார். ஆனால் இத்தனை வருடத்தில் எனக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எஸ்டேட் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று இவர் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தியபோது, எனக்காக அவர்கள் வீட்டுக்கு லோரியை ஓட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறக்கிற வரைக்கும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது உன் புருஷன்தான். எனக்கும் பொறாமை இருக்கிறது அக்கா. அன்றையிலிருந்து இருக்கிறது. அவரைப் போல ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று.

இங்கே எல்லாம் அழகாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. இவர் எட்டை எட்டரை ஆக்கிவிட்டார். சந்தையில் என்னைப் பார்த்து எல்லோரும் கை கூப்புகிறார்கள். "ஏய் கலா, அந்தக் கீரைய எடுக்காதே, வாடிப் போயிருக்கு" என்று ஏச இங்கே ஒருவரும் இல்லை.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டலாமா என்று வீட்டுக்காரம்மா கேட்கிறாள். ஜூலை கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் சொல்லிவிடலாம் என்கிறார். நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கலா


சுங்கை சிப்புட்,
11 ஜூலை 2024

கலா,

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உனக்குப் பதில் எழுதியிருந்தால் ஏசித்தான் எழுதியிருப்பேன். அதனால் எழுதவில்லை.

தான் போகப்போவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லியிருக்கிறார். காரணம் எல்லாம் சரி. அழுதிருப்பேன் என்பதும் சரி. ஆனால் அவரோடு உட்கார்ந்து அழுகிறது என் உரிமை. அந்த அழுகையை எனக்குத் தராமல் கொண்டு போய்விட்டார். படத்தைப் பார்த்துத் தினமும் கேட்கிறேன். ஏசிக்கொண்டே இருக்கணும் என்றாராமே, இருக்கட்டும், ஏசிக்கொண்டேதான் இருக்கிறேன். உன் மேல் வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. போகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தெரிந்துகொண்டு வருவதானால் வா.

போன ஞாயிற்றுக்கிழமை சுரேன் காரில் என்னையும் தினேஸ்வரியையும் லகாட்டுக்குக் கூட்டிப் போனான். வேறு ஆளுக்கு அவன் கொடுக்கவில்லை. "அண்ணே கேட்ட வீடுக்கா, எப்புடி குடுப்பேன்" என்றான். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. பக்கத்தில் ஈயம் எடுத்த பழைய குளம், தாமரை மண்டிக் கிடக்கிறது. கொசு இருக்கும், உன் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடு.

வீட்டுச் சொந்தக்காரி ஒரு சீனத்துக் கிழவி. கேட்டுக்கு முன்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுரேனிடம் மலாயில் கேட்டாள், லோரிக்கார அங்கிள் சம்சாரமா என்று. ஆமாம் என்றான். கேட்டைக் காட்டினாள். தாழ்ப்பாள் உடைந்து போய்க் கேட்டு ஆடிக்கொண்டிருந்ததாம். கடைசியாக வந்தபோது அவர்தான் கட்டிவிட்டுப் போனாராம். ஆள் வைத்துச் சரி பண்ணும் வரைக்கும் இது அசையாது என்றாராம். அவளும் அதற்குப் பிறகு ஆள் வைக்கவில்லை.

பார்த்தேன். நீல நைலான் கயிறு. லோரியில் தார்ப்பாய் போட்டுக் கட்டுவாரே, அதே கட்டு. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, மிச்சக் கயிற்றை உள்ளே சொருகி விடுவார். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கல்லு மாதிரி இருக்கிறது. வீட்டில் அவர் சட்டை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. அதெல்லாம் கடையில் வாங்கியது. இது அவர் கை.

"அவுத்துறவாக்கா?" என்று சுரேன் குனிந்தான். கையைத் தட்டிவிட்டேன். பாவம், பயந்துவிட்டான். பின்பக்கமாகச் சுற்றி, சேற்றில் மிதித்து, குசினி வழியாகத்தான் உள்ளே போனோம்.

குசினி பெரியதுதான். ஒத்துக்கொள்கிறேன். நானும் தினேஸ்வரியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பார்த்தோம். இடிக்கவில்லை. நடுவில் நின்று அவர் அளந்த மாதிரி கையை விரித்துப் பார்த்தேன். தினேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் மேற்குப் பக்கம் இருக்கிறது, மத்தியானம் வெயில் மூஞ்சியில் அடிக்கும். அதற்கு ஒரு மார்க் குறைத்துக்கொள்ளச் சொல். குளிக்கிற இடத்தில் படி இல்லை. என் முழங்காலுக்கு நல்லது, உன் வீட்டுக்காரர் இடுப்புக்கும் நல்லது.

"வா" என்று எழுதச் சொல்கிறாய். எழுதுகிறேன். வா. தாய்லாந்துக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றால் நில். என் தங்கச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமானால் தாளை அனுப்பு.

வரும்போது எனக்குக் கோடி எடுத்துக்கொண்டு வா. கருமாதி முடிந்த பிறகு யாராவது கோடி போடுவார்களா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். நான் போட்டுக்கொண்டதை எடுத்து மடித்து வைத்துவிட்டேன், நீ போட்டால்தான் பிறந்த வீட்டுக் கோடி. பையைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கு. அன்றைக்கு மடியில் விழுந்த குங்குமத்தையும் வளையலையும் நான் எறியவில்லை. அலமாரியில் இருக்கிறது. உன் கைக்குச் சரியாக இருக்கும். வைத்துக்கொள், போட்டுக்கொள். என் கண் முன்னாலேயே போட்டுக்கொள். எனக்கு எரியும். எரிந்தால் ஏசுவேன். அதற்குத்தானே அவ்வளவு பெரிய குசினி.

இடது பக்கத்து அடுப்பு என்னுடையது.

நீங்கள் வந்து இறங்கும் அன்றைக்குக் கார் உள்ளே வர வேண்டும், சாமான் இறக்க வேண்டும், உன் வீட்டுக்காரர் கோலை ஊன்றி நடக்க வேண்டும். கேட்டைத் திறக்காமல் முடியாது. நான் முன்னாடியே வந்து நிற்பேன். நீ காரை விட்டு இறங்கி ஓடி வந்து அந்தக் கயிற்றில் கை வைக்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் வெயிலில் நில். அதை நான்தான் அவிழ்ப்பேன். வீட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், குசினியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அந்த முடிச்சில் மட்டும் உனக்குப் பங்கு கிடையாது.

இருளாயி